செயின் சொல்லாமல் அறுவதில்லை

சைக்கிள் செயின் வேகத்தில் அறுவது அபூர்வம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், மேட்டில் சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கும்போதும்தான் அறும். ஆளின் மொத்த எடையும் ஒரே காலில் இறங்கியிருக்கும் நொடியில் பெடல் திடீரென்று வெறுமையாகக் கீழே போகும். கால் வழுக்கும், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும், மிதித்தவர் பார் மேலேயே விழுவார். கேரியரில் தங்கச்சி உட்கார்ந்திருந்தால் அவளும் ரோட்டில் கிடப்பாள். விழுந்தபிறகு எல்லோரும் செயினைத் திட்டுகிறோம். அதற்கு முந்தைய ஆறு மாதமாக அது போட்டுக்கொண்டிருந்த சத்தத்தை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டோம்.

பாலசமுத்திரம் மேட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர். பழனிக்குப் பக்கத்தில், மலைத்தொடர் வந்து சமவெளியில் கால் ஊன்றும் இடத்தில் இருக்கிறது இந்தப் பேரூராட்சி. ஒரு காலத்தில் ஜமீன் இருந்த ஊர். இதைத் தாண்டிப் போனால் பாலாறு–பொருந்தலாறு அணை. சுற்றிலும் தென்னந்தோப்பு, கரும்பு, நெல், மக்காச்சோளம். அணைப் பக்கம் போகப்போக ஏற்றம். தோப்புக்குள் போகும் வண்டித்தடத்தில் மண்ணும் சரளையும். இந்தப் பாதைகளில் இன்னமும் சைக்கிள் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள், மாட்டுக்குச் சோளத்தட்டு கட்டிக்கொண்டு வருகிறவர்கள், மட்டை எடுத்துவருகிறவர்கள், காலையில் பால் ஊற்றப் போகிறவர்கள். வண்டி நின்றுபோனால் அன்றைய பொழுதே நின்றுபோகும் ஆட்கள் இவர்கள். அதனால்தான் செயினைப் பற்றி இவ்வளவு பேச்சு.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் எழுந்து நின்று, பெடலைத் தாங்கும் கிராங்க் படுக்கைவசத்தில் இருக்கும்போது ஒரு பெடலில் முழு எடையையும் வைக்கிறார். சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிளில் கிராங்க்கின் நீளம் ஆறரை அங்குலம். 44 பல் உள்ள செயின் வீலின் ஆரம் மூன்றரை அங்குலம். நெம்புகோல் கணக்குப்படி செயினில் விழும் இழுப்பு சுமார் 110 கிலோ. ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிதித்தால் இன்னும் கூடும். சைக்கிள் செயினுக்குச் சர்வதேசத் தரம் கேட்கும் குறைந்தபட்ச வலிமையோ 8,000 நியூட்டன். 800 கிலோவைத் தொங்கவிட்டாலும் புது செயின் தாங்க வேண்டும். எந்த மனிதக் காலும் நல்ல செயினை இழுத்து அறுத்துவிட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் அறுந்து கிடக்கும் செயின்கள் எல்லாம் எப்படி அறுந்தன?

ஒரு கண்ணியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வெளிப்பட்டை இரண்டு, உள்பட்டை இரண்டு. இரண்டையும் கோக்கும் பின். பின்னைச் சுற்றி புஷ், புஷ்ஷைச் சுற்றி உருளும் ரோலர். பல்லில் உட்காருவது ரோலர். வளைவது மட்டும் உள்ளே, பின்னும் புஷ்ஷும் உரசும் இடத்தில். வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடம் கண்ணுக்கே தெரியாது. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே சரியாக அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். பால்காரரின் பழைய சைக்கிளுக்கும் பிரான்ஸில் பந்தயம் ஓடும் சைக்கிளுக்கும் இந்த அளவு ஒன்றுதான்.

செயின் நீண்டுபோய்விட்டது என்கிறோம். இரும்புப் பட்டை இழுபட்டு நீளுவதில்லை. உள்ளே பின் தேய்கிறது, புஷ் தேய்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் தலைமுடி அளவு இடைவெளி விழுகிறது. நூற்றுச் சொச்சம் மூட்டுகளின் இடைவெளியைச் சேர்த்தால் செயின் தொங்கிவிடும். அதோடு முடிவதில்லை. இடைவெளி விழுந்த மூட்டு பக்கவாட்டிலும் ஆடும். ஆடும் செயின் பல்லின் நுனியில் ஏறும், பட்டை கோணும், பின்னின் தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டையின் துளையிலிருந்து நகரும். ஒருநாள் ஒரு பக்கப் பட்டை கழன்று, மறு பக்கத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில்தான் மேடு வருகிறது, ஆள் எழுந்து நிற்கிறார். தெறித்துக் கிடக்கும் செயினை எடுத்துப் பாருங்கள். பட்டை நடுவில் கிழிந்திருப்பது குறைவு. பெரும்பாலும் பின் விலகியிருக்கும், அல்லது துரு தின்ற பட்டை துளையின் ஓரத்தில் விரிந்திருக்கும்.

எவ்வளவு சீக்கிரம் தேயும்? பள்ளிக்கூடம் 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகவர 12. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள 28 அங்குலச் சக்கரத்து சைக்கிள், பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் வாக்கில் ஓடும். அப்படியானால் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்று மிதிக்க வேண்டும். செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும்போது ஒவ்வொரு மூட்டும் நான்கு தடவை மடங்கவோ நிமிரவோ செய்கிறது. செயின் வீலில் ஏறும்போது, இறங்கும்போது, பின்சக்கரத்து ஃப்ரீவீலில் ஏறும்போது, இறங்கும்போது. கணக்கை முடித்தால், ஒரு மூட்டு ஒரு நாளில் மூவாயிரத்து ஐந்நூறு தடவைக்குமேல் இப்படி அசைகிறது. பள்ளி நாள்கள் 200 என்றால் வருடத்துக்கு ஏழு லட்சம் தடவை. அந்த ஏழு லட்சம் உரசலும் எண்ணெயில் நடக்கிறதா, மண்ணில் நடக்கிறதா என்பதில்தான் செயினின் ஆயுள் இருக்கிறது.

மண்ணுக்கு இங்கே குறைவே இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பழனிப் பக்கம் புழுதியை வாரி இறைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள செயினில் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரும்புக்காட்டுச் சேறு மட்கார்டு வரை ஏறும். மழை நின்றதும் வெயிலில் காய்ந்தால் சேறு உதிர்ந்துவிட்டது போலத் தோன்றும். பொடி மட்டும் ரோலருக்குள் தங்கிவிடும். எண்ணெயும் மணலும் கலந்த அந்தக் கருப்பு விழுது, பட்டறையில் இரும்பை மெருகேற்றும் உப்புத்தாளின் வேலையை இரவு பகலாகச் செய்கிறது.

எந்த எண்ணெய்?

இதில் ஊருக்கு ஒரு வைத்தியம். தென்னை உள்ள ஊரில் தேங்காய் எண்ணெய். டிராக்டர் உள்ள வீட்டில் எஞ்சினிலிருந்து வடித்த கருப்பு ஆயில். தையல்காரர் வீட்டில் மெஷின் ஆயில். சிலர் கிரீஸை விரலில் எடுத்துச் செயின் முழுக்கப் பூசிவிடுவார்கள்.

கிரீஸ் வேண்டாம். கெட்டியாக இருப்பதால் அது ரோலரைத் தாண்டி உள்ளே இறங்குவதே இல்லை. வெளியே உட்கார்ந்து புழுதியை வரவேற்கும். ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் போனால் இன்னொரு தொல்லை. உள்ளே பல்லைக் கவ்விப் பிடிக்கும் சின்ன நாக்குகள் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு எழும்பாது. அப்போது பெடல் முன்னாலும் பின்னாலும் சும்மா சுற்றும், வண்டி நகராது. இதைச் செயின் கோளாறு என்று நினைத்துப் பலர் செயினை மாற்றுகிறார்கள். மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றிப் பிசுக்கைக் கரைத்து, மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எஞ்சினிலிருந்து வடித்த ஆயிலில் கரியும் இரும்புத் துகளும் மிதக்கின்றன. எஞ்சினுக்கு ஆகாது என்று எடுத்ததைச் செயினுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காற்றுப்பட்டுப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்குப் பிசினாகாது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பாலசமுத்திரத்தில் மார்கழி விடியற்காலையிலேயே பாட்டிலில் கட்டி தட்டும் எண்ணெய், கொடைக்கானலில் செயினுக்குள் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்தால் போதும். மழையும் அதைச் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். அவசரத்துக்குப் பழுதில்லை. நிரந்தரமாக வேண்டுமானால் சைக்கிள் கடையில் கிடைக்கும் செயின் எண்ணெய், இல்லாவிட்டால் டப்பாவிலிருந்து நேராக எடுத்த புது எஞ்சின் ஆயில் சில சொட்டு. தையல் மெஷின் ஆயில் நன்றாக உள்ளே இறங்கும், நாள்பட நிற்காது. அதை ஊற்றுகிறவர்கள் வாரா வாரம் ஊற்ற வேண்டும்.

1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பொறியியல் பேராசிரியரும் அவருடைய குழுவும் சைக்கிள் செயினைச் சோதனைக்கூடத்தில் ஓட்டி, காலின் சக்தியில் எவ்வளவு பின்சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று அளந்தார்கள். நல்ல நிலையில் 98.6 சதவீதம் வரை. மனிதன் செய்த இயந்திரங்களில் இந்த அளவுக்குச் சேதாரமில்லாமல் சக்தியைக் கடத்துவது மிகக் குறைவு. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. எந்த எண்ணெய் போட்டாலும், துடைத்து எடுத்துவிட்டாலும்கூட, அந்தச் சதவீதத்தில் பெரிய மாற்றம் இல்லை. இதைப் படித்துவிட்டு எண்ணெயே தேவையில்லை என்று முடிவுகட்டக் கூடாது. சோதனைக்கூடத்துச் செயினில் கரும்புக்காட்டுச் சேறு இல்லை, அது வருடக்கணக்கில் ஓடவும் இல்லை. மிதிப்பது லேசாக வேண்டும் என்பதைவிட, பின்னும் புஷ்ஷும் தேயாமலும் துருப்பிடிக்காமலும் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் எண்ணெய்.

போடும் விதம் சொல்கிறேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பழைய துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். துணியில் கருப்பு வருவது குறையும்வரை சுற்ற வேண்டும். பிறகு காயவிட வேண்டும். மண்ணெண்ணெய் உள்ளே தங்கியிருந்தால் புது எண்ணெயைக் கரைத்துவிடும். காய்ந்தபின் செயினின் கீழ் ஓட்டத்தில், உள்பக்கமாக, ரோலருக்கு ஒரு சொட்டு. வெளியில் ஊற்றி வழியவிடுவதில் பயனில்லை. செயின் சுற்றும்போது உள்பக்கத்து எண்ணெய் தானே வெளியே பரவும். பத்துச் சுற்று சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். கடைசியாக, எல்லோரும் மறக்கும் வேலை: வெளியே நிற்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் வழித்து எடுப்பது. தொட்டால் விரல் லேசாக மினுங்கினால் போதும். கை கருப்பாகிறது என்றால் எண்ணெய் அதிகம், புழுதிக்கு விருந்து.

ஸ்கேல் ஒன்று போதும்

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கடையில் தனிக் கருவி விற்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் பையில் அந்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. 30 சென்டிமீட்டர் ஸ்கேலின் மறுபக்கம் 12 அங்குலம். பெடலை லேசாக அழுத்தி, இறுகியிருக்கும் மேல் ஓட்டத்தில் ஸ்கேலை வையுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யம். புது செயினாக இருந்தால் 12-வது அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக உட்காரும். பின் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினோடு ஃப்ரீவீலும் போயிருக்கும்.

ஏன் ஃப்ரீவீல்? நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் சரிவில் ஏறி உட்காருகிறது. பல்லும் அதற்கேற்பத் தேய்ந்து ஒருபக்கமாகக் கொக்கிபோல் வளைகிறது. அந்தப் பல்லில் பழைய செயின் ஓடும், புது செயின் ஓடாது. அழுத்தி மிதித்தால் பல் தாண்டும். புது செயின் போட்ட மறுநாளே பல் தாண்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்கு நிற்பவர்கள் ஃப்ரீவீலின் பல்லை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். சரியான நேரத்தில் செயினை மட்டும் மாற்றினால் சின்னச் செலவு. தள்ளிப்போட்டால் செயின், ஃப்ரீவீல், நாளடைவில் செயின் வீல் என்று வரிசையாகப் போகும்.

செயின் கழன்றுகொண்டே இருப்பது வேறு கதை. "அண்ணே, செயின் நிக்கவே மாட்டேங்குதுண்ணே" என்று பிள்ளைகள் வந்து நிற்கும்போது, விவரம் தெரிந்த கடைக்காரர் முதலில் செயினைத் தொட மாட்டார். பின்சக்கரத்து நட்டைத் தொட்டுப் பார்ப்பார். ஒருபக்க நட்டு தளர்ந்து சக்கரம் கோணியிருந்தால் எவ்வளவு நல்ல செயினும் கழலும். அடுத்து கிராங்க்கை ஆட்டுவார். கிராங்க்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்திருந்தால் பெடல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு தட்டும். அச்சில் பால்ஸ் (பேரிங் குண்டுகள்) போயிருந்தால் செயின் வீல் மொத்தமும் இடவலமாக ஆடும். வண்டி கீழே விழுந்தபோது செயின் வீலின் ஒரு பல் வளைந்திருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் செயின் தொய்வு. கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கும்போது அரை அங்குலம் ஆடினால் போதும். பெடலை முழுச் சுற்றும் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் இந்த அளவை வைக்க வேண்டும். தொய்வுக்குப் பயந்து வில் நாண்போல் இறுக்கிவிட்டால் பால்ஸும் ஃப்ரீவீலும் சீக்கிரம் தேயும், மிதிப்பும் கனக்கும்.

மான்செஸ்டரிலிருந்து அம்பத்தூருக்கு

இன்று சைக்கிளில் ஓடும் புஷ்–ரோலர் செயினுக்கு வயது 140-க்கு மேல். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பட்டறை வைத்த ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஐந்து வருடத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி தன்னுடைய ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின். அதற்குமுன் பெடல் முன்சக்கரத்திலேயே இருந்தது. வேகம் வேண்டுமானால் சக்கரத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்க வேண்டும், விழுந்தால் தலைகுப்புற. செயின் வந்தபிறகுதான் சைக்கிள் தரைக்கு இறங்கியது, சேலை கட்டியவரும் ஓட்டும் வண்டியானது. 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் எஞ்சினையும் விசிறிகளையும் இணைத்ததும் ரோலர் செயின்தான். சைக்கிள் பட்டறை நடத்திய அவர்களுக்குத் தெரிந்த வழி அது. அந்தச் செயின் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் செய்யப்பட்டது. அந்தக் கம்பெனிதான் பிற்பாடு டைமண்ட் செயின் ஆனது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் தமிழ்நாட்டு கிராமங்களுக்குக் கிளம்பின. 1960-ல் அதே குழுமம் டைமண்ட் செயின் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து செயின் தயாரிப்பிலும் இறங்கியது. செயின் செய்யும் வித்தை நம் மண்ணில் அறுபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. செயினைப் பார்த்துக்கொள்ளும் வித்தைதான் கைமாறாமல் நின்றுகொண்டிருக்கிறது என்பது என் ஆதங்கம்.

வாடகை சைக்கிள் கடை இருந்த காலத்தில் அந்த வித்தை தெருவிலேயே கிடைத்தது. மணிக்கு இவ்வளவு என்று எடுத்து, குரங்கு பெடல் போட்டுப் பழகிய பிள்ளைகள் கடை வாசலில் நின்று ஓவராயில் செய்வதை வேடிக்கை பார்த்தார்கள். பால்ஸை எண்ணித் தட்டில் போடுவது, ரிம்மின் கோட்டம் எடுப்பது, செயினை மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஊறப்போடுவது எல்லாம் பார்த்தே வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டி தோப்பு வேலை, பால், மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டது. கடைக்காரர்களும் மொபெட்டுக்கும் பைக்குக்கும் மாறினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, பிழைப்பு அங்கேதான் இருந்தது. சைக்கிளை ஓரங்கட்டிய அந்த எக்ஸ்.எல்லுக்கும் பின்சக்கரத்தைச் சுற்றுவது செயின்தான். அதையும் எண்ணெய் காணாமல் ஓட்டுகிறோம்.

பிறகு அரசே சைக்கிளைத் திரும்பக் கொண்டுவந்தது. 2001-02-ல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள். 2005-06-ல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும். பிளஸ் 1 சேர்ந்தால் சைக்கிள் என்பது இன்று தமிழ்நாட்டு வீடுகளில் இயல்பாகிவிட்டது. இதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்குப் பிகாரிலிருந்து பதில் உண்டு. அங்கே 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதன் பலனை அளந்து 2017-ல் வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் 32 சதவீதம் கூடினார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் மாற்றம் அதிகம். நமக்கோ 1990-களின் தொடக்கத்திலேயே புதுக்கோட்டை பாடம் நடத்தியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள்.

ஒரு சைக்கிள் ஒரு பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைக்கும் என்றால், அந்தச் சைக்கிள் செயின் இல்லாமல் திண்ணையில் சாய்ந்து நிற்கும் நாள்களில் என்ன நடக்கும்? புது சைக்கிள் வந்ததும் அதை நேராகக் கடைக்கு ஓட்டிப்போய் நட்டுகளை முடுக்கச் சொல்வது பல ஊர்களில் வழக்கம். அது நல்ல வழக்கம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் யாரும் செயினைத் தொடுவதில்லை. கல்லூரிக்குப் போகும் நேரத்தில் வண்டி துருப்பிடித்துக் கிடக்கிறது, பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போகிறார். இது சோம்பலால் வந்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். 2005-ல் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய அமைப்பு வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப். பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே சைக்கிளோடு சேர்த்து ஊர்க்காரர்களுக்கு ரிப்பேர் பயிற்சி கொடுத்தார்கள், உதிரி பாகங்கள் பக்கத்திலேயே கிடைக்க வழி செய்தார்கள். ஜாம்பியாவில் நடந்த ஆய்வில், சைக்கிள் கிடைத்த மாணவிகள் பள்ளிக்கு வராத நாள்கள் 28 சதவீதம் குறைந்தன. 2023-ல் அதே அமைப்பு ஒரு புது சைக்கிளை இறக்கியது. அதில் இரண்டு செயின். ஒன்று மேட்டுக்கு, ஒன்று சமதரைக்கு. கேபிளும் கிடையாது, கியர் மாற்றும் கையும் கிடையாது, பெடலைக் கொஞ்சம் பின்னால் சுழற்றினால் மாறிக்கொள்ளும். கரடுமுரடான பாதையில் வெளியே தொங்கும் மெல்லிய பாகங்கள் நிலைக்காது என்பதை உணர்ந்து செய்த வடிவமைப்பு அது.

நம் பள்ளிகளில் இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஒரு சின்னப் பெட்டி. அதில் எண்ணெய் டப்பா, செயின் லாக் நாலு, செயின் கட்டர் ஒன்று, ஸ்பானர் இரண்டு, பழந்துணி. ஊரில் மிச்சமிருக்கும் பழைய சைக்கிள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து, சைக்கிள் வழங்கும் நாளிலேயே ஒருமணி நேரம் பேசவைக்கலாம். அங்குலக் கணக்கும் நெம்புகோலும் உராய்வும் பாடப்புத்தகத்தில் எப்படியும் இருக்கின்றன. அவற்றைச் செயின் மேலேயே நடத்தலாம். மாணவிகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கச் சொல்வேன். வழியில் வண்டி நின்றால் யாருடைய உதவிக்கும் காத்திருக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இருக்கக் கூடாது.

மலையில் வேறு சட்டம்

பாலசமுத்திரத்தில் நின்று பார்த்தால் தெரிகிற அதே மலைமேல் இப்போது வேறொரு கூட்டம் சைக்கிள் ஓட்டுகிறது. விடுமுறை நாள் விடிகாலையில் ஹெல்மெட்டோடு கியர் சைக்கிளில் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்கள். 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டி ஏற ஆரம்பிக்கும் சாலை சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாகப் போய்ப் பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேருகிறது. உயரக் கணக்கில் ஏறத்தாழ ஆறாயிரம் அடி.

இந்த வண்டிகளில் செயின் மெல்லியது. கியர் மாறுவதற்காகப் பக்கவாட்டில் வளைந்துகொடுக்கும். பின்னின் தலை பட்டைக்கு வெளியே கொஞ்சமும் நீட்டிக்கொண்டிருக்காது. முன்னால் 22 பல்லில் போட்டு எழுந்து மிதித்தால் அதே 60 கிலோ ஆள் செயினில் 230 கிலோ இழுப்பைக் கொண்டுவருவார். அந்த இழுப்போடு கியர் மாற்றினால் செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவே முறுக்கிக்கொண்டு நிற்கும். அறுவது அங்கேதான். வளைவு வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். மாற்றும் அரைச் சுற்றுக்குக் காலின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். முன்னால் பெரியது பின்னாலும் பெரியது, முன்னால் சின்னது பின்னாலும் சின்னது என்று செயினைக் கோணலாக ஓட்டக் கூடாது. கழற்றிய பின்னையே சுத்தியலால் அடித்துத் திரும்பச் சொருகும் பழைய பழக்கம் தடித்த ரோட்ஸ்டர் செயினில் ஒருவேளை தாங்கும். இந்த மெல்லிய செயினில் அப்படிச் சேர்த்த கண்ணிதான் அடுத்த மேட்டில் விடும்.

மலைமேல் செயின் செய்யும் சேதத்தை உலகமே ஒருமுறை பார்த்தது. 2010 ஜூலை 19, டூர் டி பிரான்ஸ் போட்டியின் 15-வது கட்டம், பிரெனீஸ் மலையில் போர்ட் டி பாலேஸ் ஏற்றம். மஞ்சள் சட்டையோடு முதலிடத்தில் இருந்த லக்ஸம்பர்க் வீரர் ஆண்டி ஷ்லெக், உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வேகமெடுத்தார். கியர் மாறும்போது செயின் கழன்றது. அவர் இறங்கி மாட்டிக்கொண்டிருக்க, ஸ்பெயினின் ஆல்பெர்டோ கொன்டடார் கடந்து போனார். அன்று ஷ்லெக் இழந்தது 39 விநாடி. பாரிஸில் போட்டி முடிந்தபோது இருவருக்கும் இருந்த வித்தியாசமும் 39 விநாடி. ஊக்கமருந்து வழக்கில் கொன்டடாரின் பட்டம் 2012-ல் பறிக்கப்பட்டு ஷ்லெக்கிடம் வந்துசேர்ந்தது. தேர்ந்த மெக்கானிக்குகள் காரில் பின்தொடரும் ஒரு வீரருக்கே இது நடந்தது.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக்கு ஓடும் சைக்கிள்களின் பாடு இன்னும் மோசம். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். பனியும் தூறலும் மாறி மாறி நனைக்கும். எடுப்பவர் ஒருமணி நேரத்துக்கு மட்டும் எடுக்கிறார், கியரை இஷ்டத்துக்கு முறுக்குகிறார். இந்த வண்டிகளில் எண்ணெயைவிட முக்கியம் ஈரத்தைத் துடைப்பது. சாயங்காலம் வண்டியை உள்ளே எடுக்கும்போது உலர்ந்த துணியால் செயினை ஒருமுறை உருவிவிட்டால் துரு நன்றாகக் குறையும். வாடகைக்கு எடுப்பவரும் பணம் கொடுக்குமுன் பெடலைப் பின்பக்கமாக நாலு சுற்று சுற்றிப் பார்க்கலாம். ஏதாவது ஒரு கண்ணி மடங்க மறுத்து விறைத்துக்கொண்டு, ஃப்ரீவீலைக் கடக்கும்போதெல்லாம் துள்ளினால் அந்த வண்டி வேண்டாம்.

வழியில் அறுந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். செயின் லாக் ஒன்றைக் காகிதத்தில் மடித்து சீட்டுக்கு அடியிலோ பையிலோ வைத்திருங்கள். சில ரூபாய்தான். அறுந்த இடத்தில் கெட்டுப்போன வெளிப்பட்டையைக் கட்டரால் கழற்றினால் இரண்டு பக்கமும் உள்பட்டை நிற்கும். லாக்கின் இரண்டு பின்னையும் பின்பக்கத்திலிருந்து அவற்றில் நுழைத்து, தனிப்பட்டையை வெளிப்பக்கமாக மாட்டி, அதன்மேல் கிளிப்பைத் தள்ளுங்கள். கிளிப்புக்கு ஒரு முனை வளைந்து மூடியிருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். மூடிய முனை செயின் ஓடும் திசையை, அதாவது மேல் ஓட்டத்தில் முன்சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் செயின் கவரிலோ குச்சியிலோ உரசும்போது பிளந்த முனை மாட்டிக் கிளிப் கழன்றுவிடும். மாட்டியபின் அந்த மூட்டை இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள், தடையில்லாமல் மடங்க வேண்டும். லாக் போட்ட செயினோடு வீடு வரை எழுந்து நின்று மிதிக்காமல் உட்கார்ந்தே ஓட்டுங்கள், மேட்டில் இறங்கித் தள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். ஒரு கண்ணி விட்ட செயினில் அடுத்த கண்ணியும் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.